ஃபயர்வால்ல சோர்ஸ் நேட்: போன பாக்கெட் திரும்பி வர்ற வழியையும் பாக்கணும்

கப்பலூர்ல ஒரு ஃபேக்டரிக்கு நெட்வொர்க் வேலை பாக்குறேன், அங்க ஜூனிப்பர் கம்பெனியோட எஸ்ஆர்எக்ஸ் ஃபயர்வால்ல (உள் நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவுல காவல் நிக்கிற பெட்டி) சோர்ஸ் நேட் போட்ட அனுபவம் இது, புதுசா இந்த வேலைக்கு வர்ற தம்பிகளுக்கு கண்டிப்பா உதவும்.

உள்ள எல்லா மெஷினும் 192.168.10.0/24, அந்த பிரைவேட் ஐபியோட இன்டர்நெட்டுக்கு போனா பதில் வராது, அதுனால வெளிய போறப்ப பப்ளிக் ஐபியா மாத்தணும், அதான் சோர்ஸ் நேட். லைன்காரங்க, அதாவது இன்டர்நெட் லைன் குடுக்குற கம்பெனி, எங்களுக்கு குடுத்தது ஒரு /29 சப்நெட் (அடுத்தடுத்த ஐபிகளோட ஒரு தொகுப்பு), மொத்தம் 8 அட்ரஸ், நெட்வொர்க், பிராட்காஸ்ட், அவங்க ரவுட்டர் இருக்குற கேட்வே போக நம்ம கைக்கு 5. ஆபீஸ் ஆளுங்க ஃபயர்வாலோட வெளி இன்டர்ஃபேஸ் (இன்டர்நெட் லைன் சேர்ற போர்ட்) ஐபியிலயே போகலாம். ஆனா அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மட்டும் தனி ஐபியில போகணும், ஏன்னா எங்ககிட்ட சரக்கு வாங்குற கம்பெனி அவங்க சர்வர்ல அந்த ஒரு ஐபியத்தான் அனுமதிச்சிருக்காங்க.

டிரஸ்ட் ஜோன்ல (உள் பக்கம்) இருந்து அன்டிரஸ்ட் ஜோனுக்கு (வெளிப் பக்கம்) ஒரு ரூல்செட், உள்ள மூணு ரூல். மேல இருந்து கீழ பாத்துட்டு வரும், முதல்ல எது பொருந்துதோ அதோட நின்னுரும், அதுனால வரிசை ரொம்ப முக்கியம். விருதுநகர் பிராஞ்ச் விபிஎன் டனலும் (இன்டர்நெட் வழியா பிராஞ்சுக்கு போற தனி பாதை) அன்டிரஸ்ட் ஜோன்லயே இருந்ததால அங்க போற டிராஃபிக்குக்கு முதல் ரூல்லயே நேட் ஆஃப் (ஐபிய மாத்தாம அப்படியே விடுறது), அடுத்து அக்கவுண்ட்ஸுக்கு பூல் (அந்த தனி ஐபிய வச்ச பட்டியல்), கடைசியா மத்தவங்களுக்கு இன்டர்ஃபேஸ். வெறும் கமிட் குடுக்காம கமிட் கன்ஃபர்ம்டு குடுங்க, ரிமோட்ல இருக்கப்ப லைன் அறுந்தாலும், மறுபடி கமிட் குடுத்து உறுதி பண்ணாட்டி 10 நிமிஷத்துல தானாவே பழைய கான்ஃபிக்குக்கு வந்துரும்.

ஆபீஸ் ஆளுங்களுக்கு நெட் வந்துருச்சு, அக்கவுண்ட்ஸுக்கு மட்டும் வரல. ரூல்ல ஹிட் (பொருந்துன எண்ணிக்கை) ஏறுது, ஃப்ளோ செஷன் (ஃபயர்வால் வழியா நடக்குற தொடர்புகளோட பட்டியல்) எடுத்துப் பாத்தா 'இன்' வரியில பாக்கெட் எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது, 'அவுட்' வரியில 0. பலபேர் இங்கதான் குழம்புவாங்க, 'அவுட்'ங்கிறது வெளிய போறது இல்ல, திரும்பி வர்ற பக்கம். அப்ப மாத்துறது சரியாத்தான் நடக்குது, அங்கிட்டு போறது போயிருச்சு, இங்கிட்டு வரத்தான் வழியில்ல.

பழங்காநத்தத்துல எனக்கு தொழில் சொல்லிக்குடுத்த அண்ணனுக்கு போன் போட்டேன். "தம்பி, அந்த ஐபி யாருதுன்னு லைன்காரங்க ரவுட்டர் ஏஆர்பி கேக்கும்ல, யாருப்பா பதில் சொல்றது"ன்னாரு. ஏஆர்பின்னா அதே நெட்வொர்க்ல 'இந்த ஐபி யாருகிட்ட இருக்கு'ன்னு கேக்குற கேள்வி. அம்புட்டுதான், புரிஞ்சுருச்சு. பூல்ல வச்ச ஐபி இன்டர்ஃபேஸோட அதே சப்நெட்ல இருக்கு, ஆனா எந்த இன்டர்ஃபேஸ்லயும் இல்ல, அதுனால ஃபயர்வால் அது என்னுதுன்னு பதில் சொல்லாது. வெளி இன்டர்ஃபேஸ்ல அந்த ஐபிக்கு பிராக்ஸி ஏஆர்பி (அந்த ஐபிய கேட்டா ஃபயர்வாலே பதில் சொல்றது) ஒரு வரி சேத்து கமிட் குடுத்ததும் 'அவுட்' வரியில எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுச்சு, மனசு நிறைஞ்சு போச்சு. லைன்காரங்க வேற சப்நெட்ட உங்க ஃபயர்வாலுக்கு ரவுட் பண்ணி விட்டிருந்தா இந்த வரி தேவையே இல்ல.

இன்னொன்னு, செக்யூரிட்டி பாலிசியில (எந்த டிராஃபிக்க விடலாம்னு சொல்ற ரூல்) சோர்ஸா 192.168 ஐபியத்தான் போடணும், ஏன்னா பாலிசிய பாத்த பிறகுதான் சோர்ஸ் நேட் நடக்கும். அந்த பாலிசியிலயே செஷன் லாகையும் போட்டு விட்டுருங்க, வெளிய எல்லாரும் ஒரே ஐபியா தெரியிறப்ப எந்த மெஷின்ல இருந்து போச்சுன்னு யாராச்சும் கேட்டா அந்த லாக்லதான் தேடணும்.