கேனுலாக் கட்டுரை அச்சேறிய விதம்

நான் மதுரையில் படித்து, டெல்லியில் ஒரு பெரிய மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மருந்து ஏற்றச் சிரையில் செருகும் மெல்லிய குழாயான கேனுலா போட்ட கைகளில் சிரை அழற்சி (அந்த ரத்தநாளம் சிவந்து வீங்கி வலிப்பது) எவ்வளவு வருகிறது என்று எங்கள் வார்டில் கணக்கெடுத்து, அதை ஓர் ஆய்விதழில் வெளியிட்ட அனுபவத்தை, அதே எண்ணத்தில் இருக்கும் சக செவிலியர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. “தினமும் பார்ப்பதைத்தானே எழுதப் போகிறோம் சிஸ்டர், இதற்கு எதற்கு அனுமதி?” என்று வார்டில் பலரும் கேட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டுதல்களின்படி, ஓர் ஆய்வுக்கு முழுப் பரிசீலனை தேவையா, விலக்கு அளிக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டியது குழுதானே தவிர, ஆய்வு செய்பவர் அல்லர். எனவே அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு படிவத்தைக்கூட நாங்கள் நிரப்பவில்லை.

அளவிடுவதற்கு, சிரை அழற்சியைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் இடும், 0 முதல் 5 வரை செல்லும் விஐபி ஸ்கோரைப் பயன்படுத்தினோம். வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு தெரிந்தால் மதிப்பெண் 2. உடனே கேனுலாவை எடுத்துவிட்டு வேறிடத்தில் போட வேண்டும். தாளில் எளிதாகத் தெரியும் இந்த விதி படுக்கையருகில் அவ்வளவு எளிதல்ல. கறுத்த மேனியில் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. ஒட்டியிருக்கும் டிரெஸ்ஸிங்கைச் சுற்றி விரல் வைத்து, சூடும் தடிப்பும் உண்டா என்று தொட்டுப் பார்த்து, மறுகையோடு ஒப்பிட்ட பிறகே எண் போட்டோம். பிற்பாடு இதழுக்காகக் கட்டுரையைப் பரிசீலித்த மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்ட முதல் கேள்வியே, ஒரே கையை இரு செவிலியர்கள் பார்த்தால் ஒரே எண்ணைப் போடுவார்களா என்பதுதான். ஒரு பகுதி கேனுலாக்களை இருவர் தனித்தனியாகப் பார்த்து எழுதியிருந்ததால் இருவரின் எண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா மதிப்பைக் கணக்கிட்டு அனுப்ப முடிந்தது. ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று கேனுலாக்கள் போட்டிருக்கும்போது எண்ண வேண்டியது நோயாளியையா, கேனுலாவையா என்பதையும் புள்ளியியலாளரிடம் கேட்டு முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். கேட்காமல் விட்டிருந்தால் சதவீதம் முழுவதும் குழம்பியிருக்கும்.

எழுதும்போது, நர்ஸஸ் நோட்ஸ் எழுதிப் பழகிய கை எல்லாவற்றையும் நேர வரிசையில் அடுக்கத்தான் பார்க்கும். கட்டுரைக்கோ ஒரே ஒரு கேள்வி போதும்; அதற்கு விடை தராத பத்தியை, எத்தனை நைட் டியூட்டிக்குப் பிறகு எழுதியதாக இருந்தாலும், நீக்கத்தான் வேண்டும். மேற்கோள்களை வான்கூவர் முறைப்படி, அதாவது கட்டுரையில் வரும் வரிசையில், எண்ணிட்டு அடுக்குவது அலுப்பான வேலை, அவ்வளவே.

கட்டுரையாசிரியர் பட்டியல்தான் உண்மையான தலைவலி. படிவத்தையே பார்த்திராத மேலதிகாரி ஒருவர் தம் பெயரையும் சேர்க்கச் சொன்னார். ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் இருப்பவரே கட்டுரையாசிரியர் என்ற, மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐசிஎம்ஜேஇயின் விதியை அச்செடுத்துப் பணிவுடன் காட்டினோம். அவர் பெயர் நன்றியுரையில் இடம்பெற்றது. அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

எந்த இதழுக்கு அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் 1910 முதல் நடத்திவரும் நர்ஸிங் ஜர்னல் ஆஃப் இந்தியா போன்ற நெடுங்கால இதழ்கள் இருக்க, ஒரு வாரத்தில் அச்சிடுகிறோம், பணம் மட்டும் கட்டுங்கள் என்று மின்னஞ்சலில் கூவி அழைக்கும் இதழ்களை நம்பத் தேவையில்லை. ஆசிரியர் குழுவினரின் பணியிடத்தைச் சரிபார்த்தாலே பாதி இதழ்களின் சாயம் வெளுத்துவிடும்.

தமிழர்களுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தையின் பெயரை நிரப்பினால், தேடல் தளங்களில் கட்டுரை அப்பாவின் பெயரில்தான் நிற்கும். என் பெயரையே அந்தக் கட்டத்தில் இட்டு, இனிஷியலை முதற்பெயர்க் கட்டத்துக்கு மாற்றி, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் தனி அடையாளமான ஆர்க்கிட் எண்ணிலும் அப்படியே பதிந்துகொண்டேன். அடுத்த கட்டுரைக்கும் இதே வடிவம்தான்.