வெளிநாட்டு ஐடி வேலை: ரெஸ்யூமேயைத் திருத்தும் முன் விசாவைப் படியுங்கள்

இருநூறு இடத்துக்கு அனுப்பியும் ஒரு பதில்கூட வரவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் ரெஸ்யூமேயைத்தான் மாற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். விண்ணப்பப் படிவத்தின் நடுவே ஒரு கேள்வி வரும்: 'இப்போதோ பிற்பாடோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?' அதாவது, உங்கள் விசாவுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டுமா என்று. 'ஆம்' என்று டிக் அடித்ததுமே பல நிறுவனங்களின் மென்பொருள் அந்த விண்ணப்பத்தைக் கழித்துவிடும். மனிதக் கண்ணே படாது. 'இல்லை' என்று பொய் சொன்னால் ஆஃபர் கைக்கு வரும் நேரத்தில் குட்டு உடையும்.

அதனால் வேலைத் தளத்தில் தொடங்காமல், வெளிநாட்டவரை எடுக்கும் அனுமதி எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று பார்த்துத் தொடங்குங்கள். பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசுத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். 'ஸ்கில்டு ஒர்க்கர்' என்ற விசாப் பிரிவை மட்டும் வடிகட்டுங்கள். முதியோர் இல்லம், உணவகம் என்று எல்லாத் தொழிலும் கலந்து கிடக்கும், அவற்றைத் தள்ளுங்கள். மிஞ்சியவற்றின் வேலைவாய்ப்புப் பக்கங்களுக்கு நேரடியாகப் போங்கள். பட்டியலில் இருப்பது பதிவுப் பெயர். விளம்பரத்தில் காணும் பிராண்டு பெயரைத் தட்டித் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவுகட்டாதீர்கள். பதிவுப் பெயர் நிறுவனத் தளத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். நெதர்லாந்தில் ஐஎன்டி என்ற குடியேற்றத் துறை இதுபோன்ற பதிவேட்டை வைத்திருக்கிறது.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே நிறுவனத்தின் உரிமத்தைவிட உங்கள் பட்டம்தான் கேள்விக்குள்ளாகும். வெளிநாட்டுப் பட்டங்களுக்கான 'அனாபின்' என்ற இலவசத் தரவுத்தளத்தில் இரண்டு தேடல் செய்ய வேண்டும். முதலில் பல்கலைக்கழகம்: பெயருக்கு எதிரே 'ஹெச் பிளஸ்' (H+, அங்கீகாரம் உண்டு) என்று இருக்க வேண்டும். அடுத்து பட்டம்: ஜெர்மன் பட்டத்துக்குச் சமம் என்று இருக்க வேண்டும். இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து விசா கோப்பில் வையுங்கள். இங்கே பலர் தடுக்கி விழுவது, படித்த கல்லூரியின் பெயரைத் தேடுவதில். இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தால் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தைத் தேட வேண்டும். 'ஹெச் பிளஸ் மைனஸ்' என்று வந்தாலோ பட்டம் பட்டியலிலேயே இல்லாவிட்டாலோ, இசட்ஏபி என்ற அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆஃபர் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் வேலையில் சேரும் தேதி தள்ளிப்போகும்.

பட்டமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2023 நவம்பரிலிருந்து, கடந்த 7 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டு பட்டதாரி நிலை ஐடி வேலை பார்த்தவர்களுக்கு ஜெர்மனி ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி தருகிறது. குறைந்தபட்சச் சம்பள வரம்பு மட்டும் உண்டு: 2025-ல் ஐடிக்கு ஆண்டுக்கு 43,759.80 யூரோவாக இருந்தது. இது ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். பிரிட்டனில் 2025 ஜூலையிலிருந்து பொது வரம்பு 41,700 பவுண்டு. உங்கள் பணிக் குறியீட்டுக்கு (ஒவ்வொரு வேலை வகைக்கும் அரசு தரும் எண்) உரிய சந்தைச் சம்பளம் அதைவிட அதிகமானால் அதுதான் கணக்கு. வரம்புக்குக் கீழே 500 குறைந்தாலும் விசா கிடைக்காது. ஆகவே சம்பளப் பேச்சில் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அமெரிக்காவை நம்பித் திட்டம் போடுவது சூதாட்டம்தான். ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 இடம், மார்ச்சில் பதிவு, அக்டோபரில் வேலை. 2025 செப்டம்பர் அறிவிப்பு, வெளிநாட்டிலிருந்து வருபவருக்கான புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் வைத்தபின் சிறு நிறுவனங்கள் திரும்பிப் பார்ப்பதே அபூர்வம்.

அனுபவச் சான்றிதழைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. 'இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணியாற்றினார்' என்ற இரண்டு வரிக் கடிதம் ஆஸ்திரேலியாவில் ஐடி தகுதியைச் சரிபார்க்கும் ஏசிஎஸ் அமைப்பின் மதிப்பீட்டுக்கும் கனடா குடியேற்றத்துக்கும் போதாது. செய்த வேலைகள், முழுநேரமா பகுதிநேரமா என்பதெல்லாம் நிறுவனத் தாளில் கையெழுத்துடன் வேண்டும். 'அசோசியேட்' என்ற உள்வட்டப் பதவிப்பெயரை வைத்து நீங்கள் ஜாவா எழுதினீர்களா, பில் போட்டீர்களா என்று அதிகாரிக்குத் தெரியாது. வேலையை விடும்போதே வாங்கிவிடுங்கள்; மேலாளர் மாறிவிட்டால் அலைச்சல்தான். பாஸ்போர்ட்டிலும் பட்டத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

ஆஃபர் வந்தால் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜெர்மனியில் தனியாக இருப்பவருக்கு ஆண்டுக்கு 50,000 யூரோ என்றால் மாதம் கைக்கு வருவது ஏறத்தாழ 2,650. பிரிட்டனில் விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. விசா காலம் முழுவதற்கும் முன்பணமாகக் கட்ட வேண்டும், 3 ஆண்டுக்கு 3,105. யார் கட்டுவது என்று எழுத்தில் கேளுங்கள். இடமாற்றச் செலவைத் தருகிறவர்கள், இத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தின் பின்பக்கம் எங்காவது செருகியிருப்பார்கள்.

'விசா செலவுக்கு' என்று முன்பணம் கேட்பவர், வாட்ஸ்அப் அரட்டையிலேயே இன்டர்வியூ முடிப்பவர், சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர்: மூவரையும் பிளாக் செய்யுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று நம்பிப் போனவர்கள் மியான்மர் எல்லையில் மோசடிக் கூடங்களில் அடைபட்டது இந்த மூன்றாவது வழியில்தான்.

விசா பாஸ்போர்ட்டில் ஏறும்வரை ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால் முதல் சுற்றிலேயே சொல்லிவிடலாம். மூன்று மாத நோட்டீஸ் ஜெர்மன் நிறுவனங்களுக்குப் பழகிப்போன ஒன்று, காத்திருப்பார்கள்.