லக்சம்பர்க்குக்குக் கேள்வி அனுப்புவது எப்படி?
ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் வக்கீல்களுக்கும் நீதிபதிகளுக்கும் பயிற்சி என்றால் ஜெர்மனியின் ட்ரியர் நகரம் நினைவுக்கு வரும். 1992-இல் தொடங்கிய ஐரோப்பியச் சட்ட அகாடமி அங்கேதான் இருக்கிறது. இந்தப் பயிற்சிகளில் எனக்குப் பிடித்தது ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் வரும் 267-ஆம் பிரிவு. உள்ளூர் நீதிபதி வழக்கை நிறுத்திவைத்துவிட்டு, ஒன்றியச் சட்டத்துக்கு இதுதானா பொருள் என்று லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தைக் கேட்கலாம். கேட்பது நீதிபதிதான், கட்சிக்காரர் இல்லை. ஆனால் கேட்கவைப்பது வக்கீலின் சாமர்த்தியம். பெரும்பாலும் பத்துப் பக்கமே போதும் என்று அந்த நீதிமன்றமே சொல்கிறது, பல மொழிகளில் பெயர்க்க வேண்டுமே! வளவளவென்று எழுதிப் பழகிய வக்கீல்களுக்கு அதுதான் கஷ்டம். அப்புறம், பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் கவனிக்க: 2024 அக்டோபரிலிருந்து வாட் (மதிப்புக் கூட்டு வரி), சுங்கம் போன்ற சில விஷயங்களில் வரும் கேள்விகளை அதற்கு அடுத்த படியில் இருக்கும் பொது நீதிமன்றம் (General Court) விசாரிக்கிறது, கேள்வியை மட்டும் பழையபடி மேல் நீதிமன்றத்துக்கே (Court of Justice) அனுப்ப வேண்டும்.