ஃபீபியைத் தேடி மலையேறிய கதை

மார்ச் கடைசி வாரம் வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. குளிருக்குத் தெற்கே போன பறவைகள் திரும்புகிற நேரம். ஈப்பிடிப்பான்களில் அமெரிக்காவின் இந்த வடகிழக்குப் பக்கம் முதலில் வந்து சேர்வது ஃபீபி. பறக்கும் பூச்சியைப் பிடித்துத் தின்கிற பறவைக்கு, பூச்சியே கண் விழிக்காத குளிரில் என்ன அவசரமோ!

நியூ ஜெர்சியிலிருந்து மனைவி, மகளோடு நியூயார்க் மாநிலத்துப் பேர் மவுண்டனுக்குக் கிளம்பினேன். உயரம் 400 மீட்டர்கூட இல்லை என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். கல்படிகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. உச்சிக்குக் கார் ரோடு உண்டு. குளிர்காலம் என்று மூடி வைத்திருந்தார்கள். "பழனியிலாவது யானைப்பாதை இருக்கு" என்றாள் மனைவி, மூச்சு வாங்க.

பாதி வழியில் கேட்டது: "ஃபீ... பீ..."

"ஃபீபி!" என்று கிசுகிசுத்து எல்லோரையும் நிறுத்தினேன். தன் பெயரைத் தானே சொல்லும் பறவை என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். மகள் ஏதோ சொல்ல வந்தாள். "உஷ்!" என்றேன். பின்னால் வந்த வெள்ளைக்காரப் பாட்டியையும் கை காட்டி நிறுத்தினேன். அவர் கழுத்தில் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு பைனாகுலர். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பாட்டி ஒரு நிமிடம் கேட்டார். "நல்ல சிக்கடி" என்று சிரித்துவிட்டு மேலே ஏறினார்.

சிக்கடி எங்கும் போய் வருகிற பறவை அல்ல. டிசம்பர் பனியிலும் எங்கள் ஜன்னலோரம் சூரியகாந்தி விதை தின்கிற உள்ளூர்க்காரன். அது "ஃபீ-பீ" என்று சுத்தமாக விசிலடிக்கும். நிஜ ஃபீபிக்குக் குரல் கரகரக்கும்.

"அதைத்தான்பா சொல்ல வந்தேன்" என்றாள் மகள்.

உச்சியில் மன்ஹாட்டன் தெரிந்ததாம். எனக்குப் பார்க்க மனமில்லை.

கீழே இறங்கியதும் மனைவி கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்து, "அங்க கூரை ஓரத்துல ஒரு குருவி வாலை ஆட்டி ஆட்டி உட்கார்ந்திருக்கு. நம்ம ஊர் வாலாட்டி மாதிரி" என்றாள். ஓடினேன். கரகரப்பாக "ஃபீ-பிர்ர்". கட்டட இறவாரங்களில் சேறும் பாசியும் வைத்துக் கூடு கட்டுகிற பறவையைத் தேடி நான் மலையேறியிருக்கிறேன்!

பைனாகுலரை உயர்த்தி, பெண்கள் கழிப்பறையை நோக்கி அசையாமல் நின்றேன். வரிசையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், மகளும் மனைவியும் யாரோ போலக் காரை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள்.