பாதிப்பின் விவரம்: மூன்று வரி இடம்

புகார்ப் படிவத்தின் ஏழாவது கட்டத்தில் ‘பாதிப்பின் விவரம்’ என்று அச்சிட்டு, அதன் கீழே மூன்று வரி எழுதும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். மற்ற கட்டங்களை ஒரே மாலையில் நிரப்பிவிட்ட எனக்கு அந்த மூன்று வரிகளை எழுதி முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்திப் பொதுமேடையில் பேசியவர் மீது புகார் கொடுத்து, விசாரணையைக் கடந்து, முடிவைக் கையில் வாங்கியது வரையிலான அனுபவத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தக் கட்டம்தான்.

நான் வேலை செய்யும் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குச் சிறப்புரையாற்ற ஒருவரை அழைத்திருந்தார்கள். குடும்ப உறவுகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பெரும்பகுதி யாரையும் புண்படுத்தாத பேச்சு. நடுவில் ஏறத்தாழ நான்கு நிமிடம் எங்களைப் பற்றியது. இது ஒரு நோய் என்றார், தொற்றிக்கொள்ளும் என்றார், இப்படிப்பட்டவர்களிடமிருந்து பிள்ளைகளைத் தள்ளியே வையுங்கள், வேலை செய்யும் இடத்தில் இருந்தால் அடையாளம் கண்டு ஒதுக்குங்கள் என்றார். குரல் உயரவில்லை, முகத்தில் கோபம் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் நகைச்சுவையாக முடித்தார். முந்நூறு பேர் இருந்த அரங்கம் சிரித்தது. அந்த அரங்கில் என்னைப் பற்றி அறிந்தவர்கள் இரண்டே பேர்.

புகார் கொடுக்க வேண்டும் என்று அன்றிரவே தோன்றியது. கொடுத்தால் என்னைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற அச்சமும் அதனுடனேயே வந்தது. படிவம் கேட்கும் முதல் கேள்வி பெயர்; இரண்டாவது, நிகழ்வுக்கும் புகார்தாரருக்கும் உள்ள தொடர்பு. இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதினால், இத்தனை ஆண்டுகள் யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று அளந்து அளந்து வைத்திருந்த ஒன்றை ஒரு கோப்பிடம் ஒப்படைத்துவிட வேண்டும். உலகில் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு இன்றும் குற்றமாக இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவருக்கு நான் சொல்லும் வழி பொருந்தாது, அங்கே புகார் கொடுப்பவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும். எனக்கு அந்த ஆபத்து இல்லை. ஆயினும் பெயர் எழுதுவதற்கு முன்பு, என் விவரம் விசாரணைக் குழுவுக்கு வெளியே போகாது என்று எழுத்தில் உறுதி கேட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. வாய்மொழியாக ‘அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாமல் இருந்தது, இந்த வேலையில் நான் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று.

சான்று கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. என் இடப்பக்கம் அமர்ந்திருந்த நண்பர் உரை முழுவதையும் கைபேசியில் ஒலிப்பதிவு செய்திருந்தார். கேட்டதும் அனுப்பிவைத்தார், ஏன் என்று கேட்கவில்லை. சட்டம் படித்த தோழி ஒருவர், ஒலிப்பதிவை மட்டும் கொடுத்தால் குழுவினர் கேட்க மாட்டார்கள், சொல்லுக்குச் சொல் எழுதி நேரத்தைக் குறித்துக் கொடுங்கள் என்றார். நான்கு நிமிடம் இருபது வினாடியை எழுத மூன்று இரவுகள் பிடித்தன. வாக்கியங்களை மட்டும் எழுதினால் அது ஏதோ வறண்ட சொற்பொழிவுபோல் தெரிந்தது. அரங்கில் நடந்தது அதில் வரவே இல்லை. ஆகவே சிரிப்பு, கைதட்டல் ஆகியவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுதத் தொடங்கினேன். ஏழு இடங்களில் சிரிப்பு, இரண்டு இடங்களில் கைதட்டல்.

மூன்றாவது சிரிப்பை எழுதும்போது கை நின்றுவிட்டது. மற்றச் சிரிப்புகள் தொலைவிலிருந்து அலைபோல் வந்தன. இது கைபேசிக்கு மிக அருகில், மூக்கில் தொடங்கி இருமலில் முடிந்தது. அது என்னுடைய சிரிப்பு. நான் சிரித்தது எனக்கு நினைவே இல்லை. அரங்கில் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்ததாகத்தான் அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பொய் சொன்னதாக அப்போதும் தோன்றவில்லை. பள்ளிப் பருவத்திலிருந்தே, இப்படியொரு கேலி எழுந்தால் முதலில் சிரித்துவிடு, சிரிக்காதவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று உடம்பு கற்றுவைத்திருந்த பாடம் அது. அந்த இடத்தில் ‘சிரிப்பு’ என்று மட்டும் எழுதுவதா, ‘புகார்தாரரின் சிரிப்பு’ என்று எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டாவதையே எழுதினேன்.

இனி ஏழாவது கட்டம். முதலில் நான் எழுதியது பேச்சாளருக்கான மறுப்பு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இலேயே தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலகச் சுகாதாரப் பேரவை 1990 மே 17 அன்று ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டிலும் அது இல்லை. ஆகவே நோய் என்றது தவறு, தொற்றும் என்றது அதைவிடத் தவறு என்று இணைப்புத் தாளுடன் ஒன்றரைப் பக்கம் நீண்டது. தோழி படித்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதான். ஆனால் அவர் சொன்னது பொய்யா என்று இந்தக் கட்டம் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறது” என்றார். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு என்ன ஆயிற்று? யாரும் அடிக்கவில்லை, வேலை போகவில்லை, மருத்துவமனைக்குப் போகவில்லை. காட்டுவதற்கு ஒரு காயமும் இல்லாதவன் எதை எழுதுவது?

இரண்டாவது வரைவில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். ஆய்வு முடிவுகளை எழுதினேன். இலான் மேயர் என்னும் ஆய்வாளர் 2003-இல் விரிவாக எழுதிய ‘சிறுபான்மை அழுத்தம்’ என்ற கருத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். நேரில் நடக்கும் அவமதிப்பைத் தவிர, எப்போது நடக்குமோ என்று காத்திருப்பது, மறைத்துக்கொண்டே இருப்பது, ஊர் சொல்வதைத் தானும் நம்பத் தொடங்குவது ஆகிய மூன்றும் உடலையும் மனத்தையும் அரிக்கும் தனித்தனி அழுத்தங்கள் என்பது அவர் சொல்வதன் சாரம். அமெரிக்காவில் 2004-ஐ ஒட்டித் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு வந்த மாநிலங்களைப் பற்றி மார்க் ஹாட்சன்பூலரும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வையும் சேர்த்தேன்: அந்த மாநிலங்களில் வாழ்ந்த தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளரிடையே மனநிலைக் கோளாறுகள் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையில் சுமார் 37 விழுக்காடு கூடியிருந்தன; தடை வராத மாநிலங்களில் அப்படிப்பட்ட உயர்வு காணப்படவில்லை. இவை என்னைத் தேற்றின, மறுக்கவில்லை. ஆனால் படிவம் முடிந்தபோது அதில் நான் மட்டும் இல்லை. மேயர் சொன்ன மூன்றாவது அழுத்தத்தைப் படித்தபோது அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது என்பதை எழுதாமல், அவருடைய பெயரை மட்டும் எழுதியிருந்தேன்.

மூன்றாவது முறை, உளவியல் ஆலோசகர் ஒருவரின் யோசனைப்படி, பேச்சு நடந்த நாளிலிருந்து என் அன்றாடத்தில் மாறியவற்றை நாள்வாரியாக எழுதினேன். உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதச் சொன்னார். மறுநாள்: மேசைமேல் இருந்த, நானும் என் இணையரும் வேறு நால்வருடன் நிற்கும் புகைப்படத்தை இழுப்பறைக்குள் வைத்தேன். மூன்றாம் நாள்: கைபேசியில் அவருடைய பெயரை மாற்றிப் பதிந்தேன். நான்காம் நாள்: பேச்சாளர் பயன்படுத்திய கேலிச் சொல்லை மின்தூக்கியில் இருவர் சொல்லிச் சிரித்தார்கள், அன்றுமுதல் படியேறிப் போகிறேன். ஒன்பதாம் நாள்: ஒரு சக ஊழியர் தம் குழந்தையை அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார், வழக்கமாக வாங்கிக் கொஞ்சுவேன், அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இப்படிப் பதினொரு வரிகள். எழுதி முடித்தபோது தெரிந்தது, அந்தப் பேச்சாளரை நான் பார்த்தது நாற்பது நிமிடம்தான்; அதற்குப் பிறகு அவர் சொன்னதை நிறைவேற்றிக்கொண்டிருந்தவன் நான். ‘ஒதுக்குங்கள்’ என்றார், வேறு யாரும் செய்வதற்குள் நானே என்னை ஒதுக்கியிருந்தேன். குழந்தையைத் தொடாமல் நின்ற அந்த ஒன்பதாம் நாளை எழுதியது எனக்கு மிகக் கடினமாக இருந்தது, இப்போதும்தான்.

பதினொரு வரிகளைத் தனித்தாளில் எழுதி, கட்டத்துக்குள் ‘இணைப்பைப் பார்க்க’ என்று மட்டும் குறித்தேன்.

விசாரணைக் குழுவில் மூவர். மூத்தவராக இருந்த அம்மையார், “அவர் உங்கள் பெயரைச் சொன்னாரா?” என்று தொடங்கினார். இல்லை என்றேன். பெயர் சொல்லியிருந்தால் மற்றவர்களாவது தப்பித்திருப்பார்கள் என்றும் சொன்னேன். அது கொஞ்சம் துடுக்கான பதில், ஆனாலும் குறித்துக்கொண்டார்கள். அடுத்தவர், வன்முறையைத் தூண்டும் சொல் ஒன்றும் உரையில் இல்லையே, இது கருத்துரிமைதானே என்றார். இதற்கு ஆயத்தமாகப் போயிருந்தேன். சுவீடனில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் மாணவர் பெட்டிகளில் தன்பாலீர்ப்பாளர்களை இழிவுசெய்யும் துண்டறிக்கைகளைப் போட்டவர்களின் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-இல் தண்டனை சரியே என்று தீர்ப்பளித்தது. வெறுப்பைத் தூண்டுவது என்றால் அதில் வன்முறைக்கான அழைப்பு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று அதில் கூறியிருக்கிறது. அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் முயற்சியில் உருவான ரபாத் செயல்திட்டம், ஒரு பேச்சைக் குற்றமாகக் கருதுமுன் சூழல், பேசியவரின் தகுதி, நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், எத்தனை பேரைச் சென்றடைந்தது, தீங்கு நேரும் வாய்ப்பு என்று ஆறையும் எடைபோடச் சொல்கிறது. அந்த ஆறில் நோக்கத்தைப் பற்றி என்னால் உறுதியாக ஒன்றும் சொல்ல இயலாது என்றேன். அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் கருத்தில் அது அந்த அளவுக்குப் போகும் பேச்சும் அன்று. ஆனால் சிறப்பு விருந்தினராக, ஒலிபெருக்கியில், விட்டுப் போக முடியாத ஊழியர்கள்முன், அவர்களுள் சிலரை ஒதுக்கச் சொன்னதற்கு மேடை கொடுத்தவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டேன்.

மூன்றாமவர் அதுவரை பேசவில்லை. எழுத்துப் படியைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஓரிடத்தில் விரலை வைத்து, “இங்கே நீங்களும் சிரித்திருக்கிறீர்களே?” என்றார். குரலில் ஏளனம் இல்லை. மெய்யாகவே புரியாமல் கேட்டார். ஆமாம், அதுவும் பாதிப்பின் விவரம்தான், இணைப்பில் சேர்க்கத் தவறிவிட்டேன், பன்னிரண்டாவது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேனாவை எடுத்துச் சேர்த்தார். அதன்பின் வெகுநேரம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

முடிவு வர ஐந்து மாதம் ஆயிற்று. நிறுவனத்தின் தளத்திலிருந்து உரையின் காணொளியை நீக்கினார்கள். விருந்தினர்களுக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டிய நெறிமுறைத் தாள் ஒன்றை வகுத்தார்கள். ஊழியர் அனைவருக்கும் சுற்றறிக்கை ஒன்று போயிற்று. மன்னிப்பு இல்லை. சுற்றறிக்கையில் ‘சில பிரிவினரின் மனம் புண்படும்படி’ என்று இருந்தது. முந்நூறு பேர்முன் எங்கள் மீது பழி சுமத்தும்போது இல்லாத தயக்கம், அதைத் திரும்பப் பெறும்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு மேல்முறையீடு செய்தேன். முப்பது நாள் கெடுவில் இருபத்தெட்டாம் நாள். ஆறு வாரத்தில் திருத்திய சுற்றறிக்கை வந்தது. ‘தன்பாலீர்ப்பாளர்கள்’ என்ற சொல் அதில் முதல் வரியிலேயே இருந்தது.

கோப்பை முடித்துவிட்டதாக வந்த கடிதத்தில் என் புகாரின் சுருக்கமும் இருந்தது. ஏழாவது கட்டத்துக்கு நேரே ‘மன உளைச்சல்’ என்று மட்டும் தட்டச்சு செய்திருந்தார்கள். பன்னிரண்டு வரிகளையும் கோப்பின் பகுதியாக வைத்திருக்கும்படி இன்னொரு கடிதம் எழுதினேன். வைத்திருக்கிறார்கள், பதினான்காம் பக்கம்.