நாலாம் நம்பரை யார் பிடிப்பது?

23 நவம்பர் 2024, சனி

இன்று வீட்டில் டிவி அணையவே இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்தான் காரணம். மிச்சிகன் பல்கலைக்கழக அணி நார்த்வெஸ்டர்னை 50-6 என்று வென்றது. கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட் இந்தியானாவை 38-15 என்று வென்றது. அடுத்த சனிக்கிழமை இரண்டும் மோதுகின்றன. 1897-ல் தொடங்கிய பகை இது. இந்த ஊரில் அதற்குப் பெயரே ‘தி கேம்’தான், வேறு அடைமொழி கிடையாது.

இந்த வருடம் எங்கள் மிச்சிகன் 6 வெற்றி, 5 தோல்வி என்று தள்ளாடுகிறது. அவர்கள் 10-1, நாட்டிலேயே இரண்டாம் இடம். மிச்சிகன் கிட்டத்தட்ட 20 புள்ளியில் தோற்கும் என்று பந்தயக் கணக்கு போடுகிறார்கள்.

மகன் பள்ளி டீமில் கார்னர்பேக். எதிரணி ரிசீவர் பந்தைப் பிடிக்க ஓடும்போது கூடவே ஓடி, அவனைப் பிடிக்கவிடாமல் செய்கிற வேலை. இரவு சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: “அம்மா, நாலாம் நம்பரை யார் பிடிப்பாங்க?”

என்னிடம் பதில் இல்லை. தோசையைத் திருப்பிப் போட்டேன்.

24 நவம்பர், ஞாயிறு

நாலாம் நம்பர் ஜெரமையா ஸ்மித். ஃப்ளோரிடாவிலிருந்து வந்தவர், கல்லூரிக்கு இதுதான் முதல் வருடம். 6 அடி 3 அங்குல உயரம். கிரிஸ் கார்ட்டர் 1984-ல் முதலாண்டு ஆட்டக்காரராக வைத்த ஒஹாயோ ஸ்டேட் சாதனைகளை இந்த சீசனிலேயே தாண்டிவிட்டார். செப்டம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக ஒற்றைக் கையால் பிடித்த பந்தை மகன் எத்தனை முறை போட்டுப் பார்த்தானோ, எனக்கே அந்தக் காட்சி மனப்பாடம். எதிரணி ஆளாக இருந்தாலும் சொல்கிறேன், கண்ணுக்கு அவ்வளவு அழகு.

அவரை எதிர்கொள்ள வேண்டியவர் வில் ஜான்சன். க்ரோஸ் பாயிண்ட் சவுத் பள்ளியில் படித்த உள்ளூர்ப் பையன், அப்பாவும் மிச்சிகனுக்கு ஆடியவர். இந்த வருடம் மட்டும் எதிரணியின் பந்தை இரண்டு முறை பறித்து, கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் டச்டவுன் ஆக்கினார். ஃப்ரெஸ்னோ ஸ்டேட் ஆட்டத்தில் ஒன்று, யு.எஸ்.சி. ஆட்டத்தில் இன்னொன்று. அக்டோபரில் இல்லினாய் ஆட்டத்தில் காலில் அடிபட்டு வெளியேறினார். அதன்பிறகு களத்தில் இறங்கவில்லை. எல்லோருக்கும் பின்னால் நின்று காக்கிற சேஃப்டி ராட் மூர் முழங்கால் காயத்தால் சீசன் முழுக்கவே இல்லை.

மீதி இருப்பவர்கள் ஜையர் ஹில், ஸீக் பெர்ரி, ஆமிர் ஹால். நல்ல பையன்கள்தான். ஆனாலும் மகன் முகத்தில் தெம்பில்லை.

26 நவம்பர், செவ்வாய்

வீட்டுப்பாடம் முடிந்ததும் போன வருட ஆட்டத்தை மறுபடி போட்டோம். 2023 நவம்பர் 25, ஆன் ஆர்பர், 30-24. அன்று எதிரணி நட்சத்திரம் மார்வின் ஹாரிசன் ஜூனியர், 18-ம் நம்பர்.

முதல் கால்பகுதியிலேயே, ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் கைல் மெக்கார்ட் ஹாரிசனுக்கு எறிந்த பந்தின் பாதையில் வில் ஜான்சன் குறுக்கே பாய்ந்தார். பறித்த பந்தோடு, டச்டவுனுக்கு 7 யார்டு மட்டும் மீதியுள்ள கோடு வரை ஓடினார். மகன் அந்த இடத்தில் நிறுத்தி, கால் கால் நொடியாக நகர்த்திக் காட்டினான். ஜான்சன் பந்தைப் பார்க்கவே இல்லை. ஹாரிசனின் இடுப்பைத்தான் பார்க்கிறார். தோளையும் தலையையும் ஆட்டி ஏமாற்றலாம், இடுப்பு எங்கே திரும்புகிறதோ அங்கேதான் ஆள் போக முடியும் என்பது அவன் கோச் சொல்லிக்கொடுத்த பாடம். இடுப்பு திரும்பிய அதே கணத்தில் ஜான்சனின் முன்பாதம் தரையில் ஊன்றிவிட்டது.

அந்த ஒரு பந்தை வைத்து ஜான்சன் ஹாரிசனை அடக்கிவிட்டார் என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். உண்மை அவ்வளவு நேரானதில்லை. ஹாரிசன் அன்று 5 பந்து பிடித்து 118 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார். அதற்கு முந்தைய வருடம் கொலம்பஸில் 7 பந்து, 120 யார்டு, ஒரு டச்டவுன். இரண்டு வருடமும் அவர் நன்றாகத்தான் ஆடினார், இரண்டு வருடமும் அவர் டீம் தோற்றது.

நான் மகனிடம் காட்ட நினைத்தது கடைசிப் பந்தை. அரை நிமிடம்கூட மீதியில்லை, ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ஒரு டச்டவுன் போதும். மெக்கார்ட் ஹாரிசனைத் தேடித்தான் எறிகிறார். கையை வீசும்போதே எங்கள் முன்வரிசை ஆள் ஜேலன் ஹாரல் வந்து மோதுகிறார். பந்து அடிபட்ட புறா மாதிரி தடுமாறி வந்து ராட் மூர் கையில் விழுகிறது. ஒஹாயோவில் பிறந்து வளர்ந்த ராட் மூர்!

“இதுல ஹாரிசனை யாருடா பிடிச்சது?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். “முன்னாடி நின்னவங்க,” என்றான்.

27 நவம்பர், புதன்

பள்ளி அரை நாள். கொல்லைப்புறப் புல்லில் உறைபனி, மிதித்தால் நொறுங்குகிற சத்தம். “நீங்க ரிசீவர் மாதிரி நில்லுங்கம்மா” என்று என்னை நிறுத்தினான். கம்பளிக் கையுறையோடு நின்றேன்.

எதிரே ஒரு கை தூரத்தில் முழங்காலை மடக்கிக் குனிந்தான். நான் இடப்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்தேன், அவன் அசையவில்லை. காலை எடுத்து வைத்ததும் அவன் உள்ளங்கை என் தோளுக்குக் கீழே வந்து பதிந்தது. தள்ளவில்லை, வெறுமனே பதிந்தது. ஆனால் நான் போக நினைத்த வழி போய்விட்டது. அரை நொடிதான் தாமதம். “அந்த அரை செகண்டுக்குள்ள நம்ம ஆளுங்க குவார்ட்டர்பேக்கைத் தொடணும். தொடலைன்னா இதுக்கு அர்த்தமே இல்லை,” என்றான்.

போன மாதம் ஓர் ஆட்டத்தில் இவனைத் தாண்டி ஒரு பையன் மூன்று முறை டச்டவுன் போட்டான். காரில் வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. தன் ஒருவனால்தான் தோற்றோம் என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. அன்று குவார்ட்டர்பேக்குக்கு நின்று நிதானமாகத் தேடி எறிய நேரம் கிடைத்தது. அவ்வளவு நேரம் யாராலும் கூடவே ஓட முடியாது. அதை நான் அன்றே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அது புரிய இந்த வாரம் ஆகிவிட்டது.

28 நவம்பர், வியாழன்

தேங்க்ஸ்கிவிங். தம்பி குடும்பத்தோடு கொலம்பஸிலிருந்து வந்தான். மூன்று மணி நேர ஓட்டம். அவன் ஒஹாயோ ஸ்டேட்டில் படித்தவன், இந்த வாரம் முழுக்க மிச்சிகன் என்ற பெயரையே சொல்லமாட்டான். ‘வடக்குப் பக்கத்து டீம்’ என்பான். அவன் கல்லூரி வளாகத்தில் இந்த வாரம் பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்தின் மேல் சிவப்பு டேப்பைக் குறுக்காக ஒட்டிவிடுவார்கள்.

பிரியாணியும் வான்கோழியும் மேசையில் இருக்க, பேச்சு அங்கேயே போனது.

“அக்கா, ஸ்மித்துக்கு ரெண்டு பேரைப் போட்டா எக்பூகா ஃப்ரீ. எக்பூகாவையும் அடைச்சா டேட் இருக்கான். எத்தனை பேரைப் போடுவீங்க?”

எக்பூகாவும் டேட்டும் அவர்களின் மற்ற ரிசீவர்கள். நியாயமான கேள்விதான். மகன் சொன்னான்: “மாமா, உங்க சென்டருக்கு என்ன ஆச்சு?”

தம்பி பேசவில்லை. முன்வரிசை நடுவில் நிற்கிற சென்டர் சேத் மெக்லாக்லின் போன வாரம்தான் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். அதே வரிசையில் இடது முனையில் நிற்கிற டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரிலேயே போய்விட்டார். குவார்ட்டர்பேக் வில் ஹவர்டைக் காக்கிற சுவரில் இரண்டு கல் இல்லை. அந்தச் சுவரை இடிக்க எங்கள் பக்கம் நடுவில் நிற்பவர்கள் மேசன் கிரஹாமும் கெனத் கிராண்ட்டும்.

அப்புறம் தம்பி 1997-க்குப் போனான். அப்படி ஒரு கார்னர்பேக் இருந்தால்தான் ஸ்மித்தை நிறுத்தலாம் என்று அந்த வருட மிச்சிகன் கார்னர்பேக் சார்ல்ஸ் வுட்சனை இழுத்தான். அந்த வருட ‘தி கேம்’மில் வுட்சன் டச்டவுன் எல்லைக்குள் பந்தைப் பறித்தார், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 78 யார்டு ஓடினார், மிச்சிகன் 20-14 என்று வென்றது, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் அவருக்கே போனது. எல்லாம் சரி. அந்த வுட்சன் களத்தில் இருந்த ஆட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட் ரிசீவர் டேவிட் பாஸ்டன் 56 யார்டில் ஒரு டச்டவுன் பிடித்தார். அதைச் சொன்னதும் தம்பிக்கு உற்சாகம், “பாத்தியா!” என்றான். நான் சொல்ல வந்ததும் அதுதான். வுட்சனாக இருந்தாலும் அறுபது நிமிடமும் தனி ஆளாகப் பூட்ட முடியாது.

29 நவம்பர், வெள்ளி

தம்பி குடும்பம் காலையிலேயே கிளம்பிவிட்டது, ஆட்டம் பார்க்க அவனுக்கு அவன் ஊர் வேண்டும். மிச்சமிருந்த பிரியாணியைக் கட்டிக் கொடுத்தேன்.

30 நவம்பர், சனி

13-10. மிச்சிகன்! கொலம்பஸில் போய்!

கை இன்னும் நடுங்குகிறது, வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஸ்மித்துக்கு மேலே எப்போதும் ஒரு சேஃப்டி இருந்தார். முன்னால் ஆட்களைக் குறைத்து வைத்து, பின்னால் பாதுகாப்பைக் கூட்டியிருந்தார்கள். ‘எறியாமல், வேண்டுமானால் பந்தோடு ஓடிப் பாருங்கள்’ என்று ஒஹாயோ ஸ்டேட்டை அழைத்த மாதிரி. அவர்களும் ஓடினார்கள், அதுவும் கிரஹாமும் கிராண்ட்டும் நிற்கிற நடுவிலேயே. 26 ஓட்டம், 77 யார்டு. அவ்வளவுதான். பின்னால் நிற்பவர்களை முன்னே வரவழைக்க அவர்களால் முடியவே இல்லை. அதனால் ஸ்மித்தின் தலைக்கு மேலே இருந்த காவல் கடைசிவரை கலையவில்லை.

இரண்டாம் கால்பகுதியில் ஆமிர் ஹால் பந்தைப் பறித்து 2 யார்டு கோடு வரை வந்தார். கேலெல் மல்லிங்ஸ் உள்ளே இடித்துப் புகுந்தார், 7-3. டாமினிக் ஸ்வாடா 54 யார்டிலிருந்து உதைத்தது 10-3. பாதி ஆட்டத்துக்குச் சற்று முன் ஸ்மித்துக்கு 10 யார்டில் ஒரு டச்டவுன், 10-10. மகன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் அவன் முதுகில் கை வைத்தேன்.

அதற்கப்புறம் ஒஹாயோ ஸ்டேட் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மகாரி பெய்ஜ் ஒரு பந்தைப் பறித்தார். அவர்களின் உதைப்பாளர் இரண்டு முறை தவறவிட்டார், அந்தப் பையனுக்காக வருத்தமாகத்தான் இருந்தது. கடைசியில் மல்லிங்ஸ் 27 யார்டு ஓடிய ஓட்டம், 45 நொடி மீதியிருக்கையில் ஸ்வாடாவின் 21 யார்டு உதை.

ஸ்மித்: 5 பந்து, 35 யார்டு, ஒரு டச்டவுன்.

வில் ஜான்சன் களத்தில் இறங்கவே இல்லை. நாலாம் நம்பரை யார் பிடித்தது என்று யாராவது கேட்டால் எனக்குப் பத்துப் பெயராவது சொல்ல வேண்டியிருக்கும்.

1 டிசம்பர், ஞாயிறு

நேற்று ஆட்டம் முடிந்ததும் மிச்சிகன் கொடியை நடுக் களத்தில் நடப்போய் இரண்டு அணியும் கைகலந்தது, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடித்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அவ்வளவு நல்ல ஆட்டத்துக்குப் பிறகு அது வேண்டியதில்லை.

தம்பியை அழைத்தேன். இரண்டாவது முறைதான் எடுத்தான். “நாலு வருஷமாச்சுக்கா,” என்றான். 2021, 22, 23, இப்போது 24. குரல் கம்மியிருந்தது. சின்ன வயதில் கேரம் போர்டில் தோற்றால் இதே குரல்தான் வரும். ஜெயித்ததைப் பற்றி அவனிடம் நான் எதுவும் பேசவில்லை. குழந்தைகள் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று மட்டும் கேட்டேன்.

20 ஜனவரி 2025, திங்கள்

தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் ஒஹாயோ ஸ்டேட் எழுந்துவிட்டது. ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஸ்மித் ஆரெகனுக்கு எதிராக 7 பந்தில் 187 யார்டு, இரண்டு டச்டவுன். டெக்சஸ் மட்டும் அவரை ஒரே பந்தில் 3 யார்டோடு நிறுத்தியது, ஆனாலும் ஆட்டத்தில் தோற்றது.

இன்று அட்லாண்டாவில் இறுதி ஆட்டம். நோட்டர் டேம் 31-23 என்று நெருங்கி வந்துவிட்டது. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மூன்றாவது முயற்சி, பந்தைத் தக்கவைக்க 11 யார்டு வேண்டும். நோட்டர் டேம் ஆட்களைக் குவித்து ஹவர்டை நோக்கி அனுப்பியது. ஓரத்தில் ஸ்மித், எதிரே ஒரே ஒரு கார்னர்பேக். ஹவர்ட் உயரத் தூக்கி எறிந்தார், ஸ்மித் பிடித்தார். 56 யார்டு. ஆட்டம் 34-23 என்று முடிந்தது.

தம்பி வீடியோ காலில் வந்து கத்தினான். குழந்தைகள் சோபாவில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்காக எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மகன் அந்தப் பந்தை மறுபடி போட்டுக்கொண்டிருந்தான். பந்து குவார்ட்டர்பேக் கைக்குப் போவதற்கு முன் நிறுத்தி, திரையருகே போய், கார்னர்பேக்குக்குப் பின்னால் இருந்த காலிப் புல்லில் விரலை வைத்தான்.

“இங்க யாருமே இல்லம்மா,” என்றான். “பாவம், அந்த அண்ணன்.”