ஐஸ் பெட்டியில் மலையிறங்கிய இமை

சென்ற மாதம் ஏற்காட்டில் காபித் தோட்ட வேலியின் முள்கம்பி கிழித்ததில், என் அக்கா மகனின் வலது மேல் இமையில் ஒரு பகுதி தனியே அறுந்து விழுந்தது. பூண்டுப் பல்லில் பாதிகூட இல்லாத அந்தத் துண்டை யாரோ ஐஸ் கட்டிகளுக்குள் போடச் சொன்னார்கள். நல்லவேளையாக, அங்கிருந்த செவிலியர் தடுத்துவிட்டார். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு மூடி, அந்தப் பையைத்தான் ஐஸ் மீது வைக்க வேண்டும். நேரடியாக ஐஸ் பட்டால் திசு உறைந்து சிதையும், தண்ணீரில் மிதக்கவிட்டால் ஊறிக் கெடும் என்றார். விழிக்கோளமும் காயப்பட்டிருக்கலாம் என்பதால் கண்ணை அழுத்திக் கட்டாமல், கருவிழி காயாதபடி காத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் வந்தோம். அவ்வளவு நீளமான பாதையாக அது எனக்கு என்றுமே தோன்றியதில்லை.

இமைக்கு இரத்த ஓட்டம் மிகுதி என்பதால், கருத்துத் தொங்கும் திசுவைக்கூட எளிதில் வெட்டி எறிவதில்லை என்று மருத்துவர் கூறினார். முழுதாகப் பிரிந்த துண்டு பிடிக்கும் என்று அவர் உறுதி தரவில்லை. ஆனால் இமை விளிம்புக்கு ஈடான திசு உடலில் வேறெங்கும் கிடைக்காது என்பதால் முயன்றே ஆக வேண்டும் என்றார். டார்சஸ் எனப்படும் உறுதியான தகடு, விளிம்பு, தோல் என அடுக்கடுக்காகத் தைத்தார். விளிம்பு சற்றுப் பிசகினாலும் அங்கே பள்ளம் விழும். முடி உள்நோக்கித் திரும்பிக் கருவிழியை உரசும். டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள்.

தையல் பிரித்தாயிற்று. முதலில் கருநீலமாக இருந்த துண்டு இப்போது சிவந்திருக்கிறது. இமைமுடி மட்டும் அவ்விடத்தில் உதிர்ந்துவிட்டது.